தருமக் குராவின் அடியில்

சமணர் தலமான ஜினகாஞ்சிக்குப் போகவேண்டும் என்று அம்மா வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார். தாத்தா மேருமந்தர புராணத்தை வாய்விட்டுப் படிக்க, அதைக் கேட்டு வளர்ந்தவர். சமண சமயத்தின் வழிகாட்டிகளான தீர்த்தங்கரர்களில் ஒருவர் விமலநாதர். அவருடைய கணதரர்களான, அதாவது தலைமைச் சீடர்களான மேரு, மந்தரர் கதை அது. பாடியவர் வாமன முனிவர். மல்லிசேனர் என்றும் பெயர். 14-ஆம் நூற்றாண்டு.

காஞ்சிபுரத்தை ஒட்டி, வேகவதிக் கரையில் இருக்கிறது திருப்பருத்திக்குன்றம். அதுதான் ஜினகாஞ்சி. திரைலோக்கியநாதர் கோயிலில் வர்த்தமானரான மகாவீரரைக் கண்டதும் அம்மா சமணரின் வணக்க மந்திரமான பஞ்ச மந்திரத்தைச் சொன்னபடி அப்படியே உட்கார்ந்துவிட்டார். எழுப்ப எனக்கு மனம் வரவில்லை.

அப்புறம் சங்கீத மண்டபம். விஜயநகரத் தளபதி இருகப்பர் தம் குரு புட்பசேனர் சொல்லி 1387-இல் கட்டியது. இருகப்பர் 'நானார்த்த ரத்னமாலை' என்ற வடமொழி நிகண்டு எழுதியவரும்கூட. புட்பசேனர் வாமனரின் சீடர். விதானத்தில் ரிஷபர், வர்த்தமானர், நேமிநாதர் ஆகிய தீர்த்தங்கரர்களின் வரலாறுகளை எழுத்துக் குறிப்புகளோடு தீட்டியிருக்கிறார்கள். நிறம் உதிர்ந்த இடங்களைப் பார்த்தபோது நெஞ்சு கனத்தது.

கோயிலின் பின்பக்கம்தான் அந்தக் குரா மரம். 'தருமக் குரா' என்கிறது கல்வெட்டு வெண்பா. தன் அளவில் குறையாதாம், உயராதாம். மன்னனின் செங்கோல் நலத்தைக் காட்டுமாம். பக்கத்தில் முனிவர்கள் நினைவாக வைத்த பலிபீடங்கள்.

அங்கே உட்கார்ந்துதான் சமணக் காப்பியமான நீலகேசியின் உரையைப் பற்றி அம்மாவிடம் சொன்னேன். 'சமய திவாகரம்' என்ற அந்த உரையும் வாமனர் எழுதியதே என்பார்கள். பௌத்தக் காப்பியமான குண்டலகேசியை மறுக்க எழுந்தது நீலகேசி. இன்று குண்டலகேசி முழுதாக இல்லை. அதன் பல பாடல்களின் தொடக்கச் சொற்களை நாம் அறிவது இந்த உரை எடுத்துக்காட்டியதால்தான். மறுக்கிற நூலையும் வாமனர் ஒழுங்காகப் படித்து, அதன் சொல்லிலேயே காட்டிவிட்டுத்தான் மறுத்திருக்கிறார். எனக்கு அவர்மேல் பக்தி வந்ததே இதை அறிந்த பிறகுதான்.

"எதிர்வாதம் செய்கிறவங்க பாட்டையா இவர் காப்பாத்தி வச்சார்?" என்றார் அம்மா.

"ஆமாம்மா."

கொஞ்ச நேரம் பேசவில்லை. சமண வழக்கப்படி பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டாக வேண்டும், கிளம்பலாம் என்றேன். அம்மா பீடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, தாத்தா படிக்கும் பாட்டு ஒன்றை மெல்ல ஆரம்பித்தார். மூன்றாவது அடி வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்.