பியானாவில் சித்திரை

ஏப்ரல் 16, செவ்வாய்

எங்கள் பலகாரக்கடை முதலாளியம்மா சின்யோராவை இன்று காலை பியானாவிலிருந்து பலெர்மோ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். காரில் ஏறும்போதுகூட என்னைக் கூப்பிட்டு, மாவை மூடி வை, துணி ஈரமாக இருக்கட்டும் என்றுதான் சொன்னார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஏப்ரல் 17, புதன்

இன்று முழுக்க கன்னோலி ஓடு. ரிக்கோட்டா நிரப்பித் தின்கிற சிசிலிப் பலகாரம் கன்னோலி, ஒன்று என்றால் கன்னோலோ; அதன் பொரித்த குழாய்தான் ஓடு. மாவு, பன்றிக் கொழுப்பு, சீனி, கொஞ்சம் கொக்கோ, மர்சாலா வைன், ஒரு கரண்டி வினாகிரி. பிசைந்த கையோடு தேய்த்தால் இழுபட்டுத் திரும்பச் சுருங்கிவிடும், அதனால் நேற்றே பிசைந்து குளிரில் வைத்தது. மெசினில் திரும்பத் திரும்ப விட்டு மெல்லிசாக்கி, வட்டமாக வெட்டி, குழாயில் சுற்றி, விளிம்பில் முட்டை வெள்ளை தொட்டு ஒட்டவேண்டும். வெள்ளை குழாயில் பட்டுவிட்டால் பொரித்த பிறகு ஓடு கழன்று வராது, உடைத்துத்தான் எடுக்கவேண்டும். சின்யோராவின் தாயார் காலத்தில் நாணல் தண்டில் சுற்றினார்களாம், இப்போது எல்லாம் இரும்புக் குழாய். அந்த நாணல் துண்டுகள் இன்னும் மேல் தட்டில் ஒரு பழைய பேணிக்குள் இருக்கின்றன, யாரையும் தொட விடமாட்டார்.

கொதிக்கிற கொழுப்பில் போட்டதும் கொப்புளம் கொப்புளமாக எழவேண்டும். இன்று நன்றாக எழுந்தது. படம் எடுத்துச் சின்யோராவுக்கு அனுப்பினேன். நீல டிக் விழவில்லை.

ஏப்ரல் 18, வியாழன்

போன் வரவில்லை.

ஏப்ரல் 19, வெள்ளி

வெள்ளிக்கிழமை எனக்கு மச்சம் இல்லை, அதனால் ஓட்டை வாயில் வைக்க முடியாது. பன்றிக் கொழுப்பு. சின்யோராவுக்கு இது தெரியும், வெள்ளிக்கிழமைகளில் தானே கடித்துப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்துத் தலையாட்டுவார். இன்று அந்தத் தலையாட்டல் இல்லை. உடைத்துச் சத்தத்தைக் கேட்டேன். சத்தம் சரி, வெட்டுமுகத்தில் அடுக்கும் சரி. ஆனாலும் இரவு பஸ்ஸில் வரும்போது முழுக்க அதே யோசனை, உப்புப் போட்டேனா, போட்டேன், போட்டது நினைவிருக்கிறது, ஆனால் ருசி பார்க்காமல் என்ன நிச்சயம்?

இன்று செய்தி வந்தது. இதய வால்வுதான். ஒபரேஷன் அடுத்த வாரமாம்.

ஏப்ரல் 20, சனி

சின்யோராவின் மகளோடு வாக்குவாதம். சண்டை என்று சொல்ல மாட்டேன், அவரும் தாய் ஆஸ்பத்திரியில் கிடக்கிற வேதனையில்தான் இருக்கிறார். அடுத்த சனிக்கிழமை திருவிழா அன்று கன்னோலியை முன்னாலேயே நிரப்பித் தட்டுகளில் அடுக்கிவைத்துவிடலாம் என்கிறார். அம்மா இல்லை, கை போதாது, வரிசை நீளமாக நின்றால் சனம் அடுத்த கூடாரத்துக்குப் போய்விடும் என்கிறார். கணக்காகப் பார்த்தால் பிழை இல்லை.

ஆனால் கன்னோலோவை நிரப்பி வைக்கக் கூடாது. ரிக்கோட்டாவை எவ்வளவு வடித்தாலும் ஈரம் ஈரம்தான், அதோடு சீனி சேர்ந்தால் இன்னும் நீர் விடும், ஒரு மணித்தியாலத்தில் ஓடு உள்ளுக்குள் ஊறத் தொடங்கும், மேலே பார்க்க ஒன்றும் தெரியாது. பல்லுக்குத்தான் தெரியும். அதைத் தடுக்க ஓட்டுக்குள் சொக்கலேட் பூசுகிற கடைகள் உண்டு. சின்யோரா அதைக் கேட்டாலே கையை வீசுவார். வாங்குகிறவர் முன்னால் வந்து நிற்கவேண்டும், அப்புறம்தான் கரண்டி ரிக்கோட்டாவுக்குள் போகவேண்டும். நான் இங்கே வேலைக்கு வந்த முதல் நாள் அவர் சொன்னது இது ஒன்றுதான், மற்றதெல்லாம் பார்த்துப் பழகினது. பலெர்மோவிலிருந்து 25 கிலோமீட்டர் மலையேறி வருகிறவர்கள் ஊறின ஓட்டைத் தின்னவா வருகிறார்கள்?

இவ்வளவையும் எனக்குத் தெரிந்த இத்தாலிய மொழியில் சொன்னேன். கடை அவர்களுடையது. நான் வேலைக்காரி. ஆனாலும் சொன்னேன்.

ஏப்ரல் 21, ஞாயிறு

பலெர்மோவின் காவல் புனிதை ரொசாலியா அம்மாவிடம் போனோம். பெல்லெக்ரினோ மலையில் ஞாயிறு என்றால் பாதிக்கு மேல் எங்கள் சனம்தான், வேதக்காரர், சைவக்காரர் என்ற பேதம் இல்லை. குகைக்குள் பாறையிலிருந்து சொட்டுகிற நீரைத் தகரப் பீலிகள் வைத்துப் பிடிக்கிறார்கள், அந்தச் சத்தத்தில் நின்றால் மனம் அடங்கும். இன்று அடங்கவில்லை. 1624இல் கொள்ளைநோய் வந்த காலத்தில் எலும்புகள் கிடைத்து, நோயை நிறுத்தியவள் என்று ஒரு நகரமே நம்புகிற அம்மா. வயதுபோன ஒரு மனுஷியின் வால்வைப் பார்த்துக்கொள்ளும்படி கேட்டேன். இவர் மெழுகுதிரி வாங்கி வந்தார். என் மகள் வெளியே நின்று போன் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இறங்கி வந்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். சின்யோரா மெலிந்துவிட்டார். என் கையைப் பிடித்து மணந்து பார்த்து, கொழுப்பை மாற்றினாயா என்று கேட்டார். மாற்றினேன் என்றேன். நிரப்புகிற விஷயத்தை நான் எடுக்கவில்லை. அந்தக் கட்டிலில் கிடக்கிறவரிடம் எப்படி எடுப்பது?

ஏப்ரல் 22, திங்கள்

சிரோக்கோ. கடலுக்கு அந்தப் பக்கம் ஆபிரிக்காவிலிருந்து வருகிற சூட்டுக்காற்று, கார்களின் மேல் எல்லாம் செம்மண் தூசி. ஓடு காய்ந்து நன்றாக இருக்கும், ரிக்கோட்டா நிற்காது. ஆட்டுக்காரர் விடியவே கொண்டுவந்தார், கூடைக்குள் இன்னும் இளஞ்சூடு. பாற்கட்டி எடுத்து மிஞ்சின நீரைத் திரும்பச் சூடாக்க மேலே மிதந்து வருவதுதான் ரிக்கோட்டா, அது செம்மறிப் பாலில் வந்தால்தான் இந்த ஊரில் கன்னோலிக்கு எடுப்பார்கள். புல் இப்போதே மஞ்சளாகத் தொடங்கிவிட்டது என்று கவலைப்பட்டார். கோடை வந்தால் ஆடுகளுக்குப் பால் வற்றிவிடும். பழைய காலத்தில் கன்னோலி கார்னிவலுக்குச் செய்கிற பலகாரம், மாசி மாதப் பால் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

சனிக்கிழமை காற்று நிற்கவேண்டும்.

ஏப்ரல் 23, செவ்வாய்

சித்திராப் பௌர்ணமி. அம்மாவுக்கு விரதம். இந்த ஊரில் இன்று சான் ஜோர்ஜோவின் பெருநாள், விடிந்ததிலிருந்து மணிச்சத்தம். இரண்டும் ஒரே நாளில் விழுந்திருக்கிறது. பசியோடு நின்று நாள் முழுக்க ஓடு சுற்றினேன். ஊரில் இருந்திருந்தால் கோயிலில் சித்திரைக் கஞ்சி ஊற்றுவார்கள், அம்மா உயிரோடு இருந்தபோது தன் அம்மாவுக்காக இருந்த விரதம் இது, இப்போது என் முறை.

ஊர்வலத்துக்குப் போன கிழவிகள் கடைக்குள் வந்து அவர்கள் பாஷையில் சின்யோராவை விசாரித்தார்கள். அர்பரேஷ். துருக்கியரின் படைக்குத் தப்பிக் கடல் கடந்து வந்த அல்பேனியர் 1488இல் இங்கே குடியேறினார்கள், அன்றைக்குக் கொண்டுவந்த பாஷையை இன்னும் பேசுகிறார்கள், தெருப்பலகையில்கூட இரண்டு மொழி. 500 வருஷம்! என் மகள் நான் தமிழில் கேட்டால் இத்தாலிய மொழியில் பதில் சொல்கிறாள். ஒருமுறை சின்யோராவிடம் கேட்டேன், எப்படிச் செய்தீர்கள் என்று. அடுப்படியில் வேறு பாஷை பேச விடவில்லை என்றார். நான் அடுப்படியில் நிற்பதே இந்த ஊரில்தானே, வீட்டில் நிற்கிற நேரம் எவ்வளவு? வீட்டுக்குப் போகிறபோது அவள் படுத்துவிடுகிறாள். சனிக்கிழமை அவளையும் கூட்டிவரச் சொல்லியிருக்கிறேன், ரிக்கோட்டா அரிக்கட்டும், பக்கத்தில் நின்று ஏதாவது கதைத்தால் போதும்.

ஏப்ரல் 24, புதன்

ஒபரேஷன் வெள்ளிக்கிழமை. திருவிழாவுக்கு முதல் நாள்.

ஏப்ரல் 25, வியாழன்

விடுமுறை நாள், கடை நிறைந்த கூட்டம். காற்று மாறிவிட்டது. இப்போது ஏரிப் பக்கமிருந்து ஈரம். ஓடெல்லாம் தகரப் பேணிகளில் போட்டு மூடி, மூடியைச் சுற்றி டேப் ஒட்டினேன், பிறகும் எழுந்து எழுந்து போய்த் தொட்டுப் பார்த்தேன்.

ஏப்ரல் 26, வெள்ளி

காலை 8 மணிக்குக் கொண்டுபோனார்கள். மத்தியானம் வரை ஒன்றும் இல்லை. 40 கிலோ ரிக்கோட்டா வடிந்துகொண்டிருந்தது, நேற்றிரவு வைத்தது, அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சீனி கலந்தேன், மூடி வைத்தேன், பிறகு அரித்தேன். அரிதட்டில் இரண்டு தரம் தேய்த்தால்தான் நாக்கில் கட்டி தட்டாது, கை விட்டுப்போனது, நல்லதாகப் போயிற்று, கைக்கு வேலை இருந்தது. மூன்று மணிக்குப் போன். முடிந்துவிட்டது, நன்றாக முடிந்தது, இன்னும் கண் திறக்கவில்லை.

மகள்காரி என் தோளில் சாய்ந்து அழுதார். நானும்தான். அப்புறம் அவரே முகத்தைத் துடைத்துக்கொண்டு, நாளைக்குப் பாதி முன்னால் நிரப்பலாம், பாதி உன் இஷ்டம் என்றார். அந்த நேரத்தில் எப்படி மறுப்பது? சரி என்றேன்.

ஏப்ரல் 27, சனி

நடுச்சாமம் கடந்துவிட்டது, கால் வீங்கியிருக்கிறது, ஆனால் எழுதாமல் படுக்க முடியாது.

காலையிலேயே தெருவை மறித்துக் கூடாரங்கள். பேண்ட் வாத்தியம். மலையில் மேகம் இறங்கி நின்றது, பிட்சூத்தா உச்சி தெரியவேயில்லை. பத்து மணிக்கு மேல் பஸ் பஸ்ஸாகச் சனம். எங்கள் கூடாரத்தில் இரண்டு மேசை. ஒன்றில் மகள்காரி நிரப்பி அடுக்கின தட்டுகள், காசு கொடுத்தவுடன் கையில். மற்றதில் நான். பேணியைத் திறந்து ஓட்டை எடுத்து, இரண்டு பக்கமும் நிரப்பி, விளிம்பைத் தட்டி, சீனித்தூள் தூவி, ஓரேஞ்ச் தோல் ஒரு துண்டு வைத்துக் கொடுப்பேன். மகள் என் பக்கத்தில் ஓடு எடுத்துத் தந்தாள். வேலை மும்முரத்தில் அவளை அறியாமல், அம்மா கெதியா, அம்மா முடியுது, என்று தமிழிலேயே சொல்லிக்கொண்டிருந்தாள். நான் காட்டிக்கொள்ளவில்லை.

இரண்டு வரிசையும் ஓடியது. என்னுடையது மெதுவாக.

பின்னேரம் ஒரு தட்டிலிருந்து ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்தேன். ஊறியிருந்தது. முழுக்க இல்லை, ஆனால் அந்த முறிகிற சத்தம் இல்லை. அதே தட்டிலிருந்து ஒரு குடும்பம் வாங்கிப் போய் எதிர்த் திண்ணையில் உட்கார்ந்து தின்றார்கள், சின்னப் பையன் விரலையும் நக்கினான், சந்தோஷமாக எழுந்து போனார்கள். யாருமே குறை சொல்லவில்லை, காலை முதல் ஒருவர்கூட. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. யாராவது திருப்பிக் கொண்டுவந்து தந்திருந்தால் மகள்காரிக்குச் சொல்ல எனக்கு ஒரு வார்த்தை இருந்திருக்கும். அந்தப் பையன் இனிக் கன்னோலோ என்றால் இப்படித்தான் என்று நினைத்துக்கொள்வானே. அவனைக் கூப்பிட்டு என் மேசையிலிருந்து ஒன்று கொடுத்திருக்கலாம், வரிசை விடவில்லை.

சின்யோரா கண் திறந்துவிட்டாராம்.

ஏப்ரல் 28, ஞாயிறு

இன்றும் அதே. ஓடு நான்கு மணிக்கே முடிந்தது.

ஏப்ரல் 29, திங்கள்

சின்யோராவோடு போனில் கதைத்தேன், இரண்டு நிமிஷம். குரல் கரகரப்பு. எவ்வளவு விற்றது என்று கேட்கவில்லை. வரிசை நின்றதா என்று கேட்டார். நின்றது என்றேன். சனம் பொறுத்து நின்றார்களா என்றார். என் மேசையில் நின்றார்கள், அதனால் ஓம் என்றேன். மற்ற மேசையைப் பற்றி மகள்காரி சொல்லட்டும், அது அவர்கள் தாயும் மகளும் கதைக்க வேண்டியது. ஆனால் கேட்டால் மறைக்க மாட்டேன்.

ஏப்ரல் 30, செவ்வாய்

காய்ச்சலாம். 38.5. ஒபரேஷனுக்குப் பிறகு வருவதுதான் என்கிறார்கள். நர்ஸ் ஒன்று சொல்கிறார், டொக்டர் ஒன்று சொல்கிறார். இரண்டு தடவை எடுத்தேன், மகள்காரியின் போன் பிசி.

மே 1, புதன்

ஊரே போர்த்தெல்லாவுக்கு நடக்கிறது. 1947இல் இதே நாளில் அங்கே கூடியிருந்த குடியானவர்களை மலையிலிருந்து சுட்டார்கள், 11 பேர் அங்கேயே போனார்கள், பிள்ளைகளும். சின்யோராவின் தகப்பனார் அன்று அங்கே நின்றவர். ஒவ்வொரு வருஷமும் கடையைப் பூட்டிவிட்டுச் சின்யோரா போவார், இந்த முறை தனக்காக என்னைப் போகச் சொல்லி மகள்காரியிடம் சொல்லியிருக்கிறார், காய்ச்சலிலும். சிவப்புப் பூ வாங்கியாயிற்று. பத்து மணிக்குப் புறப்படவேண்டும். காலையில் 38.1. இறங்குகிறது என்றுதான் வைத்துக்கொள்கிறேன். ஆட்டுக்காரர் விடுமுறை என்று பாராமல் ரிக்கோட்டாவோடு வந்து கதவைத் தட்டுகிறார், இதை முதலில் வடிகட்ட வைத்துவிட்டுத்தான்