பாவித்த கமெரா: ஒரு மாரிக்கால நாட்குறிப்பு

2024 ஒக்ரோபர் 14

தை பிறந்தால் கலியாணங்கள் வரிசை கட்டும். அதற்குள் இன்னொரு கமெரா வேண்டும் என்பவர்கள் இப்போதே தேடத் தொடங்கினால்தான் ஆறுதலாகச் சோதித்து வாங்கலாம். பொடியில், அதாவது லென்ஸ் இல்லாத கமெரா உடலில், மிச்சம் பிடித்து லென்ஸில் போடுங்கள். 2014இல் வந்த நிக்கோன் டி750 இன்றைக்கும் மண்டப வெளிச்சத்துக்குத் தாராளமாகப் போதும்.

பொடிக்கும் லென்ஸுக்கும் ஒத்துவருமா என்பதை முதலில் பாருங்கள். நிக்கோனின் பழைய ஏஎஃப்-டி லென்ஸ்களுக்குள் மோட்டர் இல்லை. பொடிக்குள் இருக்கும் மோட்டர்தான் போகஸுக்காக அவற்றைத் திருப்பும். டி750, டி7200 இரண்டிலும் அது உண்டு. டி3500, டி5600 இரண்டிலும் இல்லை. 50 மிமீ எஃப்/1.8 டி மலிவாகக் கிடைத்தது என்று வாங்கி டி5600இல் பூட்டினால், தாலி கட்டும் நேரத்தில் கையால் வளையத்தைத் திருப்பிக்கொண்டு நிற்க வேண்டும். கனோனின் ஈஎஃப்-எஸ் லென்ஸ்கள் 6டி, 5டி பொடிகளில் பூட்டுப்படா.

2024 ஒக்ரோபர் 20

விற்பவர் முதலில் சொல்வது ஷட்டர் எண்ணிக்கை, அதாவது படம் எடுக்க ஷட்டர் எத்தனை தடவை திறந்து மூடியது என்பது. டி750இன் ஷட்டர் 150,000 தடவைக்கும், கனோன் 6டியினது 100,000 தடவைக்கும் சோதிக்கப்பட்டவை. அது ஆயுளின் எல்லை அல்ல. 80,000 ஓடிய பொடியைத் தயங்காமல் வாங்கலாம்.

வாய்ச்சொல்லை நம்பவேண்டாம். நிக்கோன் என்றால், அந்தக் கமெராவில் இன்று எடுத்த ஜேபெக் படம் ஒன்றைக் கேளுங்கள். எக்ஸிஃப்ரூல் என்ற இலவச மென்பொருள் அதிலிருந்து எண்ணிக்கையைக் காட்டும். படத்தை வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் இந்தத் தகவல் எல்லாம் உரிந்துபோகும். டொக்கியுமென்ராக அனுப்பச் சொல்லுங்கள். கனோனின் பெரும்பாலான பொடிகள் எண்ணிக்கையைப் படத்தில் எழுதுவதில்லை. யூஎஸ்பி வயரால் கணினியோடு இணைத்து, அதற்கான மென்பொருளால் பார்க்க வேண்டும்.

வீடியோ ஓடிய மணித்தியாலங்கள் இந்த எண்ணில் வராது. எண்ணிக்கை 20,000 என்கிறார்கள், ஆனால் பிளாஷ் பூட்டும் தண்டவாளத்தில் கறுப்புப் பூச்சு தேய்ந்து பித்தளை தெரிகிறது என்றால், அந்தப் பொடி நிறைய வேலை பார்த்தது. தேய்மானத்தை நம்புங்கள்.

2024 ஒக்ரோபர் 29

மழை தொடங்கிவிட்டது. யாழ்ப்பாணத்தில் பாவித்த லென்ஸ் வாங்குபவருக்குப் பெரிய எதிரி பூஞ்சணம்தான். அதன் வித்து காற்றில் எங்கும் உண்டு. காற்றின் ஈரப்பதன் ஏறக்குறைய 70 வீதத்தைத் தாண்டிப் பல நாள் நின்றால் முளைக்கும். இருட்டான அலுமாரியும் தோல் பையும் அதற்கு நல்ல வீடு. "எங்கே வைத்திருந்தீர்கள்?" என்று கேளுங்கள். "இரண்டு வருடமாகத் தொடவே இல்லை, புதுசு மாதிரி" என்ற பதில் வந்தால் இன்னும் கவனமாகப் பாருங்கள்.

பார்க்கும் முறை: லென்ஸைக் கழற்றி, இரு மூடிகளையும் எடுத்து, அப்பேச்சரை (வெளிச்சம் புகும் துவாரத்தை) முழுதாகத் திறவுங்கள். நிக்கோனின் வளையம் உள்ள லென்ஸ்களில் வளையத்தைச் சிறிய எண்ணுக்குத் திருப்பினால் போதும். வளையம் இல்லாமல் பின்பக்கத்தில் நெம்பு உள்ளவற்றில் அந்த நெம்பை விரலால் தள்ளிப் பிடிக்க வேண்டும். பின்னாலிருந்து போன் ரோச்சைச் சரிவாக அடித்து முன்னால் பாருங்கள். பிறகு திருப்பி அடித்துப் பின்னால் பாருங்கள். சிலந்தி வலை போலக் கிளைவிட்ட நூல் பூஞ்சணம். கண்ணாடி முழுவதும் பால் படர்ந்தது போலிருந்தால் உள்ளே ஆவி படிந்திருக்கிறது. எதிர்வெளிச்சப் படங்கள் வெளுத்துப்போகும். விளிம்பில் வானவில் நிறம் தெரிந்தால் ஒட்டிய கண்ணாடிகள் பிரியத் தொடங்கிவிட்டன. நாலைந்து தூசு கிடந்தால் பரவாயில்லை, படத்தில் தெரியாது.

முன் கண்ணாடியிலோ பின் கண்ணாடியிலோ சிறிது பூஞ்சணம் என்றால் கழற்றித் துடைக்கலாம். அந்தக் கூலியை விலையில் கழியுங்கள். ஆனால் அது கண்ணாடியின் பூச்சை அரித்திருந்தால் துடைத்த பிறகும் தடம் நிற்கும். ஒட்டிய கண்ணாடிகளுக்கு நடுவே போயிருந்தால் சும்மா தந்தாலும் வேண்டாம்.

2024 நவம்பர் 4

உப்பு. காரைநகர் கடற்கரையிலும் பருத்தித்துறைப் பக்கத்திலும் கலியாணச் சோடிகளைப் படம் எடுத்துத் திரிந்த கமெராவின் அடிப்பக்கத்து ஆணிகளைப் பாருங்கள். பச்சையோ வெள்ளையோ பூத்திருந்தால் உள்ளேயும் அப்படித்தான் இருக்கும். பற்றறி அறையின் செப்புத் தகடுகளையும் காட் அறையின் ஊசிகளையும் ரோச் அடித்துப் பாருங்கள்.

2024 நவம்பர் 10

மழை விட்ட காலை. லென்ஸைச் சோதிக்கப் பண்ணைப் பாலத்தை விட நல்ல இடம் இல்லை: நேரான கடல் விளிம்பு, தூரத்தில் மண்டைதீவுப் பக்கத்துப் பனைகள். 7 மணிக்குள் போங்கள். வெயில் ஏறினால் காற்று நடுங்கி எந்த லென்ஸும் மங்கலாகத் தெரியும்.

அப்பேச்சரை முழுதாகத் திறந்து, நடுவில் போகஸ் வைத்து எடுங்கள். படத்தைப் பெருப்பித்து இடது ஓரத்தையும் வலது ஓரத்தையும் ஒப்பிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் மங்கினால், கமெராவைத் தலைகீழாகப் பிடித்து இன்னொன்று எடுங்கள். மங்கல் சட்டத்தின் அதே பக்கத்தில் நின்றால், விழுந்தோ பிழையாகப் பூட்டியோ லென்ஸின் அச்சு விலகியிருக்கிறது. விட்டுவிடுங்கள்.

அங்கேயே சென்சரையும் பார்க்கலாம். எஃப்/16, ஐஎஸ்ஓ 100, போகஸைக் குலைத்து வெறும் வானத்தை எடுங்கள். கரும்புள்ளிகள் ஊதுபந்தால் போனால் தூசு. போகாமல் வளையம் வளையமாக நின்றால் ஷட்டரிலிருந்து தெறித்த எண்ணெயாக இருக்கலாம். 2012இல் வந்த நிக்கோன் டி600க்கு இந்தப் பெயர் உண்டு; 2013இல் டி610 வந்தது. வாங்கத்தான் வேண்டுமென்றால் டி610ஐ வாங்குங்கள்.

2024 நவம்பர் 11

பற்றறி. நிக்கோன் டி750 மெனுவில் பற்றறியின் வயது 0 முதல் 4 வரை காட்டும். 4 என்றால் மாற்ற வேண்டியது. கனோன் 6டியில் மூன்று பச்சைக் கட்டம் நல்லது. வீங்கி, அறைக்குள் இறுகும் பற்றறியைச் சார்ஜில் போடவே வேண்டாம்.

2024 நவம்பர் 23

2005இல் வந்த கனோன் 24-105 எஃப்/4 எல் லென்ஸ் பாவித்தது நல்ல விலைக்கு அகப்படும். அதன் பழகிய நோய், அப்பேச்சருக்குப் போகும் மெல்லிய நாடா வயர் மடிந்து மடிந்து அறுவது. எஃப்/4இல் ஒன்றும் தெரியாது, எல்லாப் படமும் ஒழுங்காக விழும். விற்பவரும் அறியாமல் இருக்கலாம். எஃப்/11இல் வைத்து 24, 50, 105 மூன்றிலும் பத்துப் பத்துப் படம் எடுங்கள். "எரர் 01" ஒருமுறை வந்தாலே வயர் மாற்ற வேண்டும்.

2024 டிசம்பர் 8

கனடாவிலிருந்து உறவினர் கொண்டுவரும் பொருட்களில் கமெரா சார்ஜர் பெரும்பாலும் 100-240 வோல்ற். எழுத்தைப் படித்துவிட்டுச் செருகலாம். ஸ்டூடியோ பிளாஷ் அப்படியல்ல. 120 வோல்ற் என்று மட்டும் போட்டதை எங்கள் 230இல் செருகினால் எரியும். ஜப்பான் சந்தைக்கான சொனி பொடிகள் பலவற்றில் மெனு ஜப்பானிய மொழி மட்டும்தான். வாங்க முன் மொழியை மாற்றிப் பாருங்கள்.

விவிற்றார் 283 போன்ற பழைய பிளாஷை நேரே டிஜிற்றல் கமெராவில் பூட்டாதீர்கள். முழுதாகச் சார்ஜ் ஏற்றி, அடியில் நடு முனைக்கும் ஓரத் தகட்டுக்கும் மல்ரிமீற்றர் வையுங்கள். 6 வோல்ற்றுக்குள் என்றால் பயமில்லை. சில பழைய பிரதிகளில் 200க்கும் மேல் வரும். அது கமெராவின் சுற்றை எரிக்கும்.

2024 டிசம்பர் 19

வாங்கியாயிற்று என்றால் அன்றைக்கே இருப்பிடம் செய்யுங்கள். ரப்பர் விளிம்புள்ள, காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டி, உள்ளே சிறிய ஈரமானி, துணிப்பையில் 200 கிராம் சிலிக்கா ஜெல். அரிசிக்குள் புதைக்கவேண்டாம், அதன் தூள் வளையங்களுக்குள் போகும். செம்மஞ்சள் மணிகள் பச்சையானால் ஈரம் குடித்துவிட்டன. மெல்லிய நெருப்பில், ஏறக்குறைய 120 பாகையில் இரண்டு மணித்தியாலம் வறுத்தால் நிறம் திரும்பும். நெருப்பு கூடினால் மணி கருகும். சமையல் தாச்சியில் வேண்டாம், இதற்கென்று பழையது ஒன்றை ஒதுக்குங்கள். நீல மணிகளில் கோபால்ற் உப்பு உண்டு, அதை வாங்கவே வேண்டாம்.

மானி 40க்கும் 50க்கும் நடுவில் நிற்கட்டும். 55ஐத் தொட்டால் அன்றிரவே மணிகளை வறுத்து மாற்றுங்கள்.