9 விடைக்கோழிகளோடு ஒரு சேவல்: இரண்டாவது முயற்சி

நேற்றுக் காலை ஆம்லெட்டுக்கு 3 முட்டை உடைத்தேன். மூன்றிலும் மஞ்சள் கருவின் மேலிருந்த வெள்ளைப் பொட்டைச் சுற்றி வளையம் தெளிவாகத் தெரிந்தது. கரு கூடிவிட்டது, சேவல் சேர்ந்த முட்டை! போன மாதம் வரை வெறும் பொட்டுதான். கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு போய் வீட்டில் எல்லோருக்கும் காட்டினேன். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "சரி சாமி, இனி ஆம்லெட்டு போதும், அடைகாக்கச் சேத்து வை" என்றார்.

தை மாதம் சேவலை விடைகளோடு (இளம் பெட்டைக்கோழிகளோடு) முதல் தடவை சேர்த்தபோது நடந்ததை நினைத்தால் எனக்கு இது பெரிய விஷயம். அப்போது என் 9 விடைகளுக்கும் (சிறுவிடை என்ற நாட்டுக்கோழி வகை) 18 வாரம்தான். சேவல் 14 மாதச் செவலை, சித்தப்பாவின் தோட்டத்துச் சாளையில் வளர்ந்தது. 21 நாள் தனிக் கொடாப்பில் (கூண்டில்) வைத்து, குடற்புழு மருந்து கொடுத்து, கழிச்சல் நோய்க்கு ஊசியும் போட்டு, அப்புறம் விடைகள் பார்த்துப் பழகட்டும் என்று 7 நாள் வலைக்கு அந்தப் பக்கம் விட்டிருந்தேன். எட்டாம் நாள் காலை 10 மணிக்குத் தடுப்பை எடுத்தேன். எடுத்த வேகத்தில் ஓடி வந்து ஒன்றின் கொண்டையைப் பிடித்துவிட்டான். இன்னொன்றுக்கு முதுகு இறகு கொத்தாகப் பிய்ந்தது. வெள்ளச்சி என்ற விடை வேலி தாண்டிப் பக்கத்து மஞ்சள் காட்டுக்குள் போய், பொழுது சாய்ந்த பிறகுதான் வந்தாள். மற்றவை படுக்கும் மூங்கில் கம்பை விட்டு இறங்கவே இல்லை, தீனியும் எடுக்கவில்லை. இரண்டாம் நாளே சேவலைப் பிடித்துத் தனியே போட்டுவிட்டேன்.

எல்லோரும் சேவல் முரடு என்றார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. விடைகள் இன்னும் பருவத்துக்கு வரவில்லை. கொண்டை வெளிர் ரோஸ் நிறத்தில்தான் இருந்தது. கையைக் கொண்டு போனால் விலகி ஓடின. பருவம் வந்த விடை, முதுகில் கை வைத்தால் றெக்கையை லேசாக விரித்துப் பம்மி உட்காரும். அது வராதவரை எந்தச் சேவலை விட்டாலும் துரத்தலும் பிய்த்தலும்தான் நடக்கும். நான் சேவலின் பக்கம் மட்டும் எல்லாம் சரிபார்த்துவிட்டு, விடைகளைப் பார்க்கத் தவறிவிட்டேன்.

6 வாரம் காத்திருந்தேன். மாசிக் கடைசியில் 7 விடைகளுக்குக் கொண்டை சிவந்து, அதில் 3 விடைகள் முட்டையும் வைக்கத் தொடங்கின. அதன் பிறகுதான் மறுபடி வலை.

இந்த வலையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். முதல் தடவை கட்டியது 3 விரல் நுழையும் வேலிக் கம்பி. சேவல் தலையை விட்டுக் கொத்தினான், விடைகள் நாள் முழுக்க எதிர் மூலையிலேயே நின்றன. 7 நாள் அப்படி நின்றதைப் பழகிவிட்டது என்று எடுத்துக்கொண்டேன். இந்த முறை அடியில் 2 அடி உயரத்துக்கு ஒரு அங்குலக் கண் வெல்டு மெஷ். பழைய இரும்புக் கடையில் கிலோ கணக்கில் எடுத்தது, புதிதாக வாங்கத் தேவையே இல்லை, துரு மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். முதல் நாள் விடைகளின் தீனித் தட்டை வலையிலிருந்து 6 அடி தள்ளி வைத்தேன், சேவலின் தட்டை வலையை ஒட்டி. பிறகு தினமும் ஒரு சாண் நகர்த்தினேன். ஏதாவது ஒரு விடை தட்டுக்கு வராமல் நின்றால் அன்றைக்கு நகர்த்துவதில்லை. இரண்டு நாள் அப்படி நின்றுபோனது. 11ஆம் நாள் வெள்ளச்சி தவிர எட்டு விடைகள் வலைக்கு இந்தப் பக்கமும் சேவல் அந்தப் பக்கமுமாகத் தலையோடு தலை வைத்துத் தின்றன. நாளை எண்ணுவதை விட்டுவிட்டு இந்தத் தட்டைப் பாருங்கள் என்றுதான் எல்லோரிடமும் சொல்வேன்.

அன்று மத்தியானம் சேவலின் கால் முள் நுனியை அரத்தால் மழுக்கினேன். நுனி மட்டும்தான், உள்ளே எலும்பும் ரத்தமும் இருக்கிறது. நகத்தையும் வெட்டினேன். இரவு 8 மணிக்கு, செல்போன் வெளிச்சத்தைக் கையால் மறைத்துக்கொண்டு, விடைகள் படுத்திருந்த மூங்கிலின் ஓரத்தில் அவனை உட்கார வைத்தேன். ஒரு முனகல், அவ்வளவுதான். விடியற்காலை 5 மணிக்கே போய் நின்றேன். கம்பும் கீரையும் முற்றம் முழுக்க இறைத்துவிட்டேன், ஒரே இடத்தில் கூடக் கூடாது என்பதற்காக. தண்ணீர் இரண்டு இடத்தில். ஒளிந்துகொள்ள வசதியாகத் தென்னங்கீற்றைச் சுவரில் சாய்த்திருந்தேன்.

அப்புறம் தீனிக்காகக் கரையான் பிடித்து வைத்த பானையைக் கவிழ்த்தேன். சேவல் ஒரு கரையானை எடுத்துக் கீழே போட்டு, கொக்கொக்கொக் என்று கூப்பிட்டான். தின்னவில்லை. மறுபடி எடுத்துப் போட்டான். கருப்பி மெல்ல வந்து பொறுக்கினாள். அவன் ஒரு பக்க றெக்கையைத் தரையில் உரசிக்கொண்டு அவளைச் சுற்றி வந்தான். அவள் பம்மி உட்கார்ந்தாள், மேலேறி இணைந்தான், இறகு ஒன்றுகூட உதிரவில்லை. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

தீனியில் ஒரு மாற்றம் செய்திருக்கிறேன். முட்டைக்கோழித் தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து அதிகம், சேவலுக்கு அது ஆகாது. அதனால் எல்லோருக்கும் வளர்கோழித் தீவனமும் கம்பும், கிளிஞ்சல் தூள் தனிக் கிண்ணத்தில். வேண்டிய விடை போய்த் தின்றுகொள்கிறது.

பங்குனி முடிவதற்குள் ஒரு அடை வைக்க ஆசை. அக்னி நட்சத்திரம் தொடங்குவதற்குள் குஞ்சு பொரித்துவிட வேண்டும், அந்த வெயிலில் கரு நிற்பதே குறையும். என் விடைகளின் முட்டை இன்னும் சின்னது. இன்னும் ஒரு மாதம் போனால் நல்ல அளவு வரும், ஆனால் வெயிலும் வந்துவிடும். பெரியம்மா வீட்டு அடைக்கோழியைக் கேட்டிருக்கிறேன், கிடைத்தால் இருப்பதில் பெரியதாக 9 முட்டை வைத்துப் பார்த்துவிடுவேன். அடுத்த வருடத்துக்கு வேறு ரத்தச் சேவல் வேண்டும், ஒரு திங்கட்கிழமை குன்னத்தூர் சந்தைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வரணும். மாற்றும்போது 3 வாரம் முட்டையை அடைக்கு எடுக்கக் கூடாது, பழைய சேவலின் விந்து விடைக்குள் இரண்டு வாரத்துக்கு மேல்கூட நிற்கும்.

வெள்ளச்சி மட்டும் இன்னும் கூட்டுக்குள் வரவில்லை. பகலில் எல்லாவற்றோடும் மேய்கிறாள், சேவல் கூப்பிட்டால் நாலடி தள்ளி நின்று பார்க்கிறாள், பொழுது சாய்ந்ததும் முருங்கை மரத்தில் ஏறிவிடுகிறாள். அவள் கொண்டை இன்னும் முழுதாகச் சிவக்கவில்லை. கீரி வரும் இடம் என்பதால் மரத்தடியைச் சுற்றித் தகரம் கட்டியிருக்கிறேன். பிடித்து உள்ளே போடப் போவதில்லை.