நீத்துப்பெட்டிக்குள் ஒரு விளக்கு

எங்கள் குசினி யன்னலுக்குப் பக்கத்தில் ஒரு ஆணி இருக்கிறது. அம்மம்மா காலத்து ஆணி. பிட்டு அவித்து முடிந்ததும் பனையோலை நீத்துப்பெட்டியைக் கழுவி அதில்தான் மாட்டுவோம். போன மாசியில் ஒரு காலை, தேத்தண்ணிக்குக் கேத்திலை வைத்துவிட்டுத் திரும்பினேன். எதிர்ச் சுவர் முழுக்கச் சின்னச் சின்ன வெளிச்சக் கட்டங்கள். வெயில் யன்னலால் வந்து, பெட்டியின் இழைப்புக்குள்ளால் புகுந்து சுவரில் விழுந்திருந்தது. பழைய பெட்டி, ஓலை காய்ந்து சுருங்கி இடைவெளி விட்டிருந்தது. காற்றுக்குப் பெட்டி ஆட, கட்டங்களும் ஆடின. கேத்தில் கொதித்து மூடி துள்ளும் வரைக்கும் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அதற்கு முதல் இரண்டு வருடமாக முன் அறையை வடிவாக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். போனில் எத்தனையோ படங்கள் சேர்த்து வைத்திருந்தேன்: சாம்பல் நிறச் சுவர், வெள்ளை சோபா, பெரிய இலைச் செடி. யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் இருக்கிற எங்கள் ஓட்டு வீட்டுக்குள் அதில் ஒன்றுகூடப் பொருந்தவில்லை. இலைப்படம் போட்ட ஸ்டிக்கர் வாங்கிச் சுவரில் ஒட்டினேன். மாரி தொடங்க, ஒரு மூலையில் இருந்து உரிந்து, கார்த்திகை முடிவதற்குள் பாதி நிலத்தில் கிடந்தது. ஏன் அப்படி ஆனது என்பது பிறகுதான் விளங்கியது. அதைக் கீழே சொல்கிறேன்.

அந்தக் காலைக்குப் பிறகு படம் தேடுவதை விட்டுவிட்டு, ஒரு மாதம் வீட்டுக்குள்ளேயே படம் எடுத்தேன். எது கண்ணைப் பிடித்து நிறுத்துகிறதோ அதை மட்டும் எடுப்பது என்று வைத்துக்கொண்டேன். பங்குனி முடிவில் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுப் பார்த்தேன். மா அரிக்கிற அரிதட்டு. தலைவாசலுக்கு மேலே இருக்கிற மரக் காற்றுத்துவாரம், அதன் பூவெட்டு. பக்கத்து வளவின் கிடுகு வேலி. நீத்துப்பெட்டி நாலு படத்தில். எல்லாமே இடைவெளி உள்ள பொருள்கள். மாவை விடுகிறது ஒன்று, காற்றை விடுகிறது ஒன்று, ஆவியை விடுகிறது ஒன்று. எனக்குப் பிடித்தது சாம்பல் நிறமோ வெள்ளை சோபாவோ இல்லை. எதையோ தனக்குள்ளால் போகவிடுகிற பொருள்கள்தான். இரண்டு வருடம் வெளியில் தேடியது குசினி ஆணியில் தொங்கியிருக்கிறது.

நீத்துப்பெட்டி தெரியாதவர்களுக்கு: பனையோலையில் கூம்பாக இழைத்த பெட்டி, ஒரு பக்கம் பிடி. கொதிக்கிற பானையின் வாயில் கூம்பு உள்ளே இறங்க வைத்து, குழைத்த மாவையும் தேங்காய்ப்பூவையும் போட்டு மூடினால், ஆவி இழைப்புக்குள்ளால் ஏறி மாவை அவிக்கும். குழல் பிட்டு வேறு சுவை, பெட்டிப் பிட்டு வேறு சுவை. பெட்டிப் பிட்டில் ஓலை மணம் இருக்கும்.

சரி, இதைக் கவிழ்த்துத் தொங்கவிட்டு உள்ளே ஒரு பல்ப் வைத்தால் என்ன என்று யோசித்தேன். பழைய பெட்டியை வெட்ட மனம் வரவில்லை. அது பிட்டுக்கு வேண்டும். அம்மம்மாவின் கை பட்டது. புதிதாக ஒன்று இழைப்பது என்று முடிவெடுத்தேன்.

பனைத் தொழிலை வளர்க்கிற அரச நிறுவனமான பனை அபிவிருத்திச் சபை 1978 முதல் இயங்குகிறது. பனையோலைத் தொப்பி, கைப்பை, பூச்சாடி எல்லாம் யாழ்ப்பாணத்தில் கடையில் வாங்கலாம். ஆனால் எனக்கு நானே இழைத்ததுதான் வேண்டும். மூன்று வீடு தள்ளி இருக்கிற மாமி தன் தாயிடம் பழகினவ. போய்க் கேட்டேன்.

"பிட்டுக்கோ?"

"இல்லை மாமி, லைட்டுக்கு."

மாமி கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தா. பிறகு, "ஓலை கொண்டு வா, பிறகு கதைப்பம்" என்றா.

இழைக்கிறதுக்கு முற்றின ஓலை சரிவராது. இளம் ஓலை வேண்டும். அதை வெயிலில் சில நாள் காயவிட்டால் பச்சை போய்ப் பால் வெள்ளையாக வரும். நன்றாகக் காய்ந்த ஓலையை அப்படியே வளைத்தால் முறியும். அதனால் இழைப்பதற்கு முதல் இரவு முற்றத்தில் பனியில் போட்டுவிட வேண்டும், அல்லது தண்ணீர் தெளித்து ஈரத் துணியில் சுற்றி வைக்க வேண்டும். பிறகு ஈர்க்கை நீக்கி, ஓலையை ஒரே அகலத்தில் வார்ந்து எடுக்க வேண்டும். எனக்கு ஆகக் கஷ்டம் இந்த வார்தல்தான். மாமி கத்தியை அசைக்காமல் ஓலையை இழுப்பா. அரை சென்ரிமீற்றர் அகலம் நுனிவரை மாறாது. நான் கத்தியை ஓட்டினேன். தொடக்கத்தில் அரை, நடுவில் ஒன்று, நுனியில் நூல். முதல் இரண்டு கிழமை வெறும் வார்தலோடேயே போனது. அந்த இரண்டு கிழமையும் வீண் இல்லை. ஓலை எந்தப் பக்கம் கிழிய விரும்புகிறது என்பதைக் கை அப்போதுதான் படித்தது.

முதல் பெட்டி நிற்கவில்லை. கூம்பு திருப்புகிற இடத்தில் தளர்ந்து, வாய் ஒரு பக்கம் சரிந்தது. மாமி அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தா. "நெருக்கு பிள்ளை, நெருக்கு. இதுக்குள்ள மா ஒழுகும்." ஒழுகத்தான் வேண்டும் என்று சொல்ல வாய் வந்தது. ஆனால் மாமி சொன்னது சரி. மூலையை இறுக்கி, சுற்றில் மட்டும் இடைவெளி விட வேண்டும். நான் எல்லா இடமும் ஒரே மாதிரித் தளர்வாக விட்டிருந்தேன். அந்த முதல் பெட்டி இப்போது குசினியில் சின்ன வெங்காயம் போடத் தொங்குகிறது. காற்றோட்டம் இருப்பதால் மாரியிலும் வெங்காயம் அழுகவில்லை. அம்மாவுக்கு அதில் பெரிய சந்தோசம்.

இரண்டாவது பெட்டி வைகாசியில் முடிந்தது. வாய் விட்டம் 12 அங்குலம். வாயோரத்தில் இரண்டு வரி மட்டும் சிவப்புச் சாயம் தோய்த்த ஓலை. முதலில் நிறைய நிறம் போட ஆசைப்பட்டேன். சாயம் தோய்த்த ஒரு துண்டை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தபோது இருண்டு கிடந்தது. சாயம் போடாத ஓலையோ தேன் நிறத்தில் மினுங்கியது. நிறத்தைக் குறைத்துவிட்டேன்.

இனி பல்ப். வீட்டில் கிடந்த பழைய 60 வாட் இழை பல்பைப் போட்டு ஏற்றினேன். வடிவாகத்தான் இருந்தது. பத்து நிமிடத்தில் குசினி மணம் வந்தது, ஓலை சுடுகிற மணம். உடனே நிறுத்தினேன், உள்பக்கம் ஒரு காசளவு கறுத்திருந்தது. அந்த வகை பல்ப் எடுக்கிற மின்சாரத்தில் பத்தில் ஒரு பங்குகூட வெளிச்சமாக வராது, மிச்சமெல்லாம் வெப்பம். காய்ந்த ஓலைக்குள் அதை வைத்தது பெரிய பிழை. இதைச் செய்து பார்க்க நினைக்கிறவர்கள் தயவுசெய்து எல்.ஈ.டி. மட்டும் பாவியுங்கள். வயரிங்கும் நானாகச் செய்யவில்லை. தெரிந்த அண்ணா ஒருவர் வந்து ஹோல்டர் பூட்டித் தந்தார்.

5 வாட் எல்.ஈ.டி. போட்டேன். சூடு பயம் போனது. ஆனால் சுவரில் நிழலே இல்லை! பெட்டி மட்டும் வெளிச்சமாக இருந்தது, சுவர் வெறுமை. நான் இவ்வளவும் செய்தது அந்தக் கட்டங்களுக்காக. இரண்டு இரவு காரணம் யோசித்தேன். அந்த பல்பின் கண்ணாடி பால் வெள்ளை. முழு உருண்டையும் வெளிச்சம் தருகிறது. வெளிச்சம் வருகிற இடம் பெரிதானால் நிழலின் ஓரம் கரைந்துவிடும். காலை வெயில் கட்டம் கட்டமாக விழுந்ததற்குக் காரணம், சூரியன் நம் கண்ணுக்குச் சின்ன வட்டமாக இருப்பதுதான். பிறகு தெளிந்த கண்ணாடிக்குள் மெல்லிய இழை தெரிகிற 4 வாட் எல்.ஈ.டி. ஒன்று வாங்கினேன், 2700 கெல்வின், மஞ்சள் வெளிச்சம். ஏற்றியதும் சுவரில் கட்டங்கள் வந்தன. ஓரம் காலை வெயில் அளவுக்குக் கூர்மை இல்லை. ஆனால் வந்துவிட்டன.

இப்போது சுவரைப் பற்றி. நிழல் விழுகிற இடம் ஒழுங்காக இருக்க வேண்டும் என்று சுவரைக் கிட்டப் போய்ப் பார்த்தேன். ஸ்டிக்கர் ஒட்டிய இடமெல்லாம் உப்புப் பூத்து, மேலே அடித்திருந்த பிளாஸ்ரிக் பெயின்ற் கொப்பளித்திருந்தது. எங்களுடையது சுண்ணாம்புச் சாந்து பூசிய பழைய சுவர். நிலத்து ஈரம் சுவருக்குள் ஏறும். சுண்ணாம்பு அதை மெல்ல வெளியே விடும். மேலே பிளாஸ்ரிக்கால் மூடினால் ஈரம் உள்ளே நின்று, மேல்பூச்சைத் தள்ளி உடைக்கும். என் வீட்டுச் சுவரும் அந்த அரிதட்டுக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான் என்று தெரிந்தபோது உண்மையாகவே நெஞ்சு நிறைந்தது. நான்தான் அதன் மூச்சை அடைத்து வைத்திருந்தேன்.

ஆனி முழுக்கச் சுரண்டினேன். பிறகு நீறிய சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்து, துணியில் வடித்து, அந்தக் காலத்தில் செய்வதுபோல ஒரு சிட்டிகை நீலம் கலந்து, சுவரை நனைத்துவிட்டு மெல்லிசாக மூன்று தரம் அடித்தேன். சுண்ணாம்பு கண்ணில் தெறித்தால் ஆபத்து, கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். அடிக்கும்போது தண்ணீர்போல இருக்கும், ஒன்றுமே பிடிக்கவில்லை என்று தோன்றும். அடுத்த நாள் காலை வெள்ளையாக நிற்கும். காற்றில் இருக்கிற காபனீரொட்சைட்டை உறிஞ்சி அது மறுபடி சுண்ணாம்புக் கல்லாகிறது. இந்தக் குடாநாட்டின் நிலம் முழுக்கச் சுண்ணாம்புக் கல். ஆகவே சுவரில் நான் பூசியது எங்கள் கிணற்றுக்குள் தெரிகிற அதே கல்.

விளக்கு ஏற்றிய முதல் இரவு அம்மா கதிரையை இழுத்துப் போட்டு முன் அறையில் இருந்தா. கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்துவிட்டு, ஜாம் போத்தல் விளக்கைப் பற்றிச் சொன்னா. 1990 இல் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றுபோனது. மண்ணெண்ணெய் விலை ஏறி, கிடைப்பதும் அரிதானது. ஜாம் போத்தலின் அடியில் பஞ்சு, அதை நனைக்கிற அளவு மட்டும் எண்ணெய், கம்பியில் பிடித்த திரி. அம்மா உயர்தரம் படித்தது அந்த வெளிச்சத்தில். ஒரு விளக்கைச் சுற்றி நாலு பேர் புத்தகம் வைத்துப் படிப்பார்களாம். சுவரில் நாலு தலையும் பெரிதாகத் தெரியுமாம். பெரிய மாமாவின் தலை நிழல் எப்போதும் கூரை தொடும் என்று சொல்லிச் சிரித்தா. இந்தக் கதையை நான் அதற்கு முதல் கேட்டதில்லை.

கார்த்திகை மழையில் பெட்டியின் வெளிப்பக்கம் பூஞ்சணம் பிடித்தது. வார்னிஷ் அடிக்கலாம் என்று ஒருவர் சொன்னார். பல்புக்குப் பக்கத்தில் தீப்பிடிக்கிற பூச்சு வேண்டாம் என்று விட்டுவிட்டேன். மாமியிடம் ஓடினேன். "பிட்டுப் பெட்டிக்கு ஏன் பூஞ்சணம் வாறேல்லை? அடுப்புப் புகையிலதானே கிடக்குது" என்றா. துடைத்து, வெயில் வந்த இரண்டு நாள் காயவைத்து, மாமியின் விறகடுப்புக்கு மேலே உயரத்தில் மூன்று நாள் தொங்கவிட்டோம். பூஞ்சணம் திரும்பவில்லை. ஓலை கொஞ்சம் பழுப்பேறி, இப்போது வெளிச்சம் முன்னையைவிட மஞ்சளாக இருக்கிறது. எனக்கு இந்த நிறம்தான் இன்னும் பிடித்திருக்கிறது. மணம் மட்டும் போகவில்லை. விளக்கு ஏற்றி அரை மணித்தியாலத்தில் முன் அறையில் மெல்லிய புகை மணம் வரும்.

மூன்றாவது பெட்டி பாதியில் நிற்கிறது. தலைவாசல் காற்றுத்துவாரத்தின் பூவெட்டைக் கொப்பியில் கட்டம் போட்டு வரைந்து, அதே மாதிரி இடைவெளி விட்டு இழைத்துப் பார்க்கிறேன். ஏழாவது வரியில் இரண்டு தரம் பிழைத்து அவிழ்த்துவிட்டேன். இது அம்மாவின் தையல் மெசினுக்கு மேலே தொங்கப் போகிறது. நிழல் துணியில் விழுந்தால் தைக்க ஏலாது என்பதால் அடிப்பக்கம் முழுக்கத் திறந்திருக்க வேண்டும் என்று அம்மா சொல்லியிருக்கிறா.