காற்றில் ஒரு பைப், தண்ணீருக்குள் ஒரு பைப்

எம்.ஈ. கடைசி ஆண்டு ப்ராஜெக்ட்டுக்கு நான் எடுத்தது ஃப்ரிக்‌ஷன் ஸ்டிர் வெல்டிங். 1991இல் இங்கிலாந்தின் டிடபிள்யூஐ என்ற வெல்டிங் ஆராய்ச்சி நிறுவனத்தில் கண்டுபிடித்த முறை. சுழலும் டூல் உலோகத்தை உருக்காது. உராய்வுச் சூட்டில் இளக்கி, மாவு பிசைவதுபோல் பிசைந்து ஒட்டிவிடும். 6061-டி6 என்ற, சூடாக்கி வலுவேற்றிய அலுமினியக் கலவைப் பைப்புகளைக் காற்றிலும் தண்ணீருக்குள்ளும் இப்படி இணைத்து ஒப்பிட வேண்டும்.

பழைய மில்லிங் மெஷினில், பைப்பைச் சுழற்றும் ஒரு ஃபிக்ஸ்சர் பொருத்தினோம். தகட்டில் பழகிய கைக்கு பைப் புதுசு. வளைவின் மேல் டூலின் ஷோல்டர், அதாவது உலோகத்தை அழுத்தும் அகலமான அடிப்பக்கம், முழுதாகப் படியாது. அதனால் 12 மி.மீ. ஷோல்டருக்கு இறங்கினேன். அழுத்தத்தில் பைப் நசுங்காமலிருக்க உள்ளே தாங்கிக்கொள்ள ஸ்டீல் மாண்ட்ரல், அதாவது ஓர் உருளைத்தண்டு வேண்டும். முதல் மாண்ட்ரலை இறுக்கமாகக் கடைந்துவிட்டேன். வெல்டு ஆறியதும் அலுமினியம் சுருங்கி அதைக் கவ்விக்கொண்டது. பைப்பை அறுத்துத்தான் எடுத்தோம்.

காற்றில் வேலை சுலபமாகவே முடிந்தது. அப்புறம் தொட்டி கட்டி, தண்ணீர் நிரப்பி, அதே வேகத்தில் ஓட்டினேன். மேற்பரப்பு பளிச்சென்று இருந்தது. குறுக்கே வெட்டிப் பாலிஷ் செய்து பார்த்தால், உள்ளே நீளமாக ஒரு பொந்து! தண்ணீர் சூட்டை உறிஞ்சிவிட்டதால், உலோகம் ஓடி இடத்தை நிரப்பவில்லை. மேலே பார்த்து மட்டும் வெல்டை நம்பக்கூடாது என்று அன்று எனக்குப் புரிந்தது.

டூலின் சுழல் வேகத்தைக் கூட்டி, பைப் சுற்றும் வேகத்தைக் குறைத்ததும் பொந்து மறைந்தது. இரண்டுக்கும் ஒரே வேகம் வைத்து ஒப்பிடுவது நியாயமாகாது என்பதே என் கருத்து. அதனதன் நல்ல அமைப்பைக் கண்டுபிடித்த பிறகே எடைபோட வேண்டும்.

அப்படிப் பார்த்தால் தண்ணீர் நிஜமாகவே உதவியது. 6061-டி6க்கு வலு தருவது உள்ளிருக்கும் மக்னீசியம்-சிலிக்கன் நுண்துகள்கள். வெல்டிங் சூட்டில் அவை கரைந்தோ பருத்தோ போனால் உலோகம் மென்மையாகும். காற்றில் செய்த பைப்பில் அந்த மென்மையான பட்டை அகலமாக இருந்தது. தண்ணீரில் ஒடுங்கியது, கடினத்தன்மையும் அவ்வளவாகக் குறையவில்லை. இழுத்துப் பார்த்தபோதும் தண்ணீரில் செய்ததே சற்று அதிகம் தாங்கியது.

தண்ணீரால் தீராத சிக்கல் ஒன்று உண்டு. தகட்டில் டூலின் ‘பின்’னை (உலோகத்துக்குள் இறங்கும் முனையை) ஓரத்துக்குக் கொண்டுபோய் எடுத்துவிடலாம். வட்டத்துக்கு ஓரம் ஏது? சுற்று முடிந்து ‘பின்’னை எடுத்த இடத்தில் இரண்டு பைப்பிலும் ஓட்டை நின்றது. சோதனைத் துண்டுகளை அதற்கு எதிர்ப்பக்கத்திலிருந்து வெட்டிக்கொண்டேன். தண்ணீர் ஓட வேண்டிய பைப்பானால் அந்த ஓட்டையைத் தனியாக அடைத்தே ஆகவேண்டும்.