இருபது பவுண்டு

ஜூன் 3, செவ்வாய்

நைஜீரிய எழுத்தாளர் சினுவா அச்சிபியின் 'நோ லாங்கர் அட் ஈஸ்' நாவலை நேற்று ராத்திரி இரண்டாவது முறையாக முடித்தேன். முதல் தடவை படித்தபோது எனக்கு வயது இருபத்தைந்து. லஞ்சம் வாங்கி மாட்டிக்கொண்ட ஒரு நைஜீரிய அதிகாரியின் கதை என்ற அளவில்தான் அப்போது மனதில் தங்கியது. இப்போது நாற்பத்தாறு. வீட்டுக் கடன் இருக்கிறது, மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் இருக்கிறது. அதே பக்கங்கள் வேறு மாதிரிப் படிகின்றன.

நைஜீரியா விடுதலை பெற்ற 1960-லேயே வந்த புத்தகம். முதல் அத்தியாயமே நீதிமன்றம். ஓபி ஒகோன்க்வோ லஞ்சம் வாங்கிவிட்டான், பிடிபட்டும்விட்டான். இவ்வளவு படித்த, எதிர்காலம் உள்ள பையன் ஏன் இப்படிச் செய்தான் என்று நீதிபதி கேட்கிறார். யாருக்கும் பதில் தெரியவில்லை. முழு நாவலும் அந்தக் கேள்விக்கான பதில்தான். இங்கிலாந்தில் படிக்க ஊர்ச் சங்கம் அவனுக்கு 800 பவுண்டு கடன் கொடுத்திருக்கிறது. மாதச் சம்பளம் ஏறக்குறைய 47 பவுண்டு, அதில் 20 சங்கத்துத் தவணைக்கே போய்விடும். அப்புறம் அப்பா அம்மாவுக்குப் பணம், தம்பியின் பள்ளிக்கூடச் செலவு, கார் இன்சூரன்ஸ், கரண்ட் பில். ஒரு மளிகைக் கணக்கு எழுதுவது போல அச்சிபி இதையெல்லாம் எழுதிக்கொண்டே போகிறார். வில்லன் என்று ஒருவரும் கிடையாது.

ஜூன் 5, வியாழன்

அந்த நாவலில் ஓர் இடத்தை இன்றைக்கு மூன்று தடவை திரும்பப் படித்தேன்.

ஓபி அதுவரை லஞ்சத்தை மறுத்து வந்தவன். ஸ்காலர்ஷிப் வாரியத்தில் அவனுக்கு வேலை. தன் மகனுக்காக ஒருவர் வீட்டுக்கே வருகிறார். பேச்செல்லாம் மரியாதையாகத்தான் இருக்கிறது. போகும்போது ஐம்பது பவுண்டு நோட்டுக் கட்டை மேசைமேல் வைத்துவிட்டுப் போகிறார். ஓபி அதைத் தொடவில்லை. அன்று முழுக்க, ராத்திரி முழுக்க, அது அங்கேயே கிடக்கிறது. அவன் செய்வது ஒன்றே ஒன்றுதான்: அதன்மேல் ஒரு செய்தித்தாளை எடுத்து மூடி வைக்கிறான், கதவைத் தாழிடுகிறான்.

மனச்சாட்சி பற்றி எத்தனையோ கட்டுரைகள் படித்திருக்கிறேன். அந்தச் செய்தித்தாள் அளவுக்கு எதுவும் என்னை உலுக்கியதில்லை. பணத்தைத் திருப்பிக் கொடுக்கவும் இல்லை, எடுத்துப் பையில் போடவும் இல்லை. கண்ணில் படாமல் இருந்தால் போதும் அவனுக்கு.

அதற்குப் பிறகு அவன் வாங்க ஆரம்பிக்கிறான். கடைசியில் இன்னொருவர் இருபது பவுண்டு கொண்டுவருகிறார். கடன்களையெல்லாம் ஓரளவு அடைத்தாகிவிட்டது. இதற்கு மேல் நம்மால் தாங்க முடியாது என்று ஓபிக்குத் தோன்றுகிறது. இதெல்லாம் பழகிவிடும் என்கிறார்கள், அவனுக்குப் பழகவே இல்லை. சரியாக அந்த நேரத்தில் கதவு தட்டப்படுகிறது. வந்தது போலீஸ். நோட்டில் குறி போட்டு அனுப்பியிருக்கிறார்கள்.

ஜூன் 8, ஞாயிறு

எழுதலாமா வேண்டாமா என்று மூன்று நாள் யோசித்தேன். எழுதிவிடுகிறேன்.

அப்பா இறந்தபோது வாரிசுச் சான்றிதழுக்காக ஓர் அலுவலகத்துக்கு நடையாய் நடந்தேன். எந்த ஊர், எந்த அலுவலகம் என்பது வேண்டாம். நான்காவது தடவை போனபோது அங்கிருந்தவர் ஃபைலைப் பார்த்துக்கொண்டே வலது பக்க டிராயரை நாலு விரல்கடை அளவுக்குத் திறந்து வைத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. உள்ளே ஸ்டாம்ப் பேட், ஒரு பாதி பிஸ்கட் பாக்கெட், அதற்கடியில் விரித்திருந்த பழைய தினசரி. ஐந்நூறு ரூபாயை மடித்து உள்ளே போட்டேன். முழங்காலால் டிராயரைத் தள்ளி மூடினார். இரண்டே நாளில் சான்றிதழ் வந்தது.

வீட்டுக்கு வந்து "வேலை முடிஞ்சுதும்மா" என்று மட்டும் சொன்னேன். அம்மாவும் மேற்கொண்டு கேட்கவில்லை. என் அப்பா இருபத்தெட்டு வருடம் அரசு வேலை பார்த்தவர், டீக்குக்கூட அடுத்தவர் காசை எதிர்பார்க்காதவர். அவர் பெயரில் வாங்கிய கடைசிக் காகிதத்துக்கு நான் லஞ்சம் கொடுத்தேன். இத்தனை வருடமாக இதை யாரிடமும் சொன்னதில்லை. நானும் அதன்மேல் ஒரு செய்தித்தாளைப் போட்டு வைத்திருந்தேன்.

ஜூன் 12, வியாழன்

கிளை நூலகத்தில் அச்சிபியின் இன்னொரு நாவலான 'எ மேன் ஆஃப் தி பீப்பிள்' கிடைத்தது. இது அரசியல் நாவல் என்று நேரடியாகவே சொல்லிக்கொள்ளும் நாவல். கலாசார மந்திரி நங்கா, ஒரு காலத்தில் அவரிடம் படித்த வாத்தியார் ஒடிலி, இவர்களுக்கு நடுவில் ஒரு தேர்தல். நங்காவை வெறுக்கவே முடியவில்லை. வாய் நிறையச் சிரிக்கிறார், எல்லாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். நம் ஊர்க் கல்யாண வீட்டுக்கு வந்தால் முதல் பந்தியில் உட்கார வைத்து நாமே இலை போடுவோம்.

நாவலில் ஜோசையா என்று ஒரு கடைக்காரன். வியாபாரம் பெருக வேண்டும் என்று ஒரு கண் தெரியாத பிச்சைக்காரரின் ஊன்றுகோலை மந்திரத்துக்காகத் திருடி, பதிலுக்குப் புதுக் கோல் ஒன்றை வைத்துவிடுகிறான். கோல் மாறியது அவர் கைக்குத் தெரிந்துவிடுகிறது. சத்தம் போடுகிறார், ஊர் கூடுகிறது. உரிமைக்காரன் கண்ணில் படும் அளவுக்கு எடுத்துவிட்டான் என்கிறார்கள். அன்றிலிருந்து ஒரு ஆள் அவன் கடையில் சாமான் வாங்குவதில்லை. கொஞ்ச நாளில் கடை மூடிவிடுகிறது. போலீஸ் இல்லை, வழக்கு இல்லை.

நாவலின் முடிவில் ஒடிலி இதைத் திரும்ப நினைக்கிறான். கிராமத்தில் உரிமைக்காரன் என்று ஊர் இருந்தது, அதற்கு ஒரு மனம் இருந்தது. நாட்டு விவகாரத்தில் உரிமைக்காரன் யார்? அங்கே ஊர்ச் சட்டம் செல்லாமல் போகிறது.

நாமும் இப்படித்தானே. சிவன் சொத்து குலநாசம் என்று சொல்லும் அதே வாய்தான் ஊரான் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்றும் சொல்கிறது. கோயில் உண்டியலில் கை வைக்க நடுங்குகிறவன் சாலை காண்ட்ராக்டில் பர்சென்டேஜ் பேசும்போது நடுங்குவதில்லை. சிவன் பார்த்துக்கொண்டிருக்கிறார், சாலையை யாரும் பார்க்கவில்லை என்ற நினைப்பு. ஓபியின் ஊர்ச் சங்கத்திலும் இதே பேச்சுதான். அவன் வாங்கியதைவிட இருபது பவுண்டுக்காக மாட்டிக்கொண்டதுதான் அவர்களுக்கு அவமானம். தேரை தின்பதென்று ஆகிவிட்டால் நல்ல கொழுத்த தேரையாகப் பார்த்துத் தின்ன வேண்டாமா என்று ஒருவர் பழமொழி சொல்கிறார். அவர்கள் அரசாங்கத்தைத் தங்களுடையதாக நினைக்கவே இல்லை. வெள்ளைக்காரன் விட்டுப்போன ஏதோ ஒன்று, அதில் நம் பையன் ஒரு பங்கு கொண்டுவர வேண்டும், அவ்வளவுதான்.

ஜூன் 15, ஞாயிறு

முடித்துவிட்டேன். நாவல் ராணுவப் புரட்சியில் முடிகிறது. புத்தகம் வெளிவந்தது 1966 ஜனவரியில். அதே மாதம் 15-ஆம் தேதி நைஜீரியாவில் நிஜமாகவே ராணுவப் புரட்சி நடந்தது. சதியில் அச்சிபிக்கும் பங்கு இருக்குமோ என்று சந்தேகப்பட்டார்கள். அவர் லாகோஸை விட்டுத் தப்ப வேண்டியிருந்தது. எல்லாரும் இந்தத் தீர்க்கதரிசனத்தைத்தான் பேசுகிறார்கள்.

எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. கடைசியில் ஒடிலி தான் விரும்பும் பெண்ணுக்காக நங்கா செலவழித்த பணத்தைத் திருப்பித் தர வேண்டியிருக்கிறது. அவனிடம் அவ்வளவு பணம் இல்லை. ஊழலை ஒழிக்க ஆரம்பித்த கட்சியின் நிதி மீதி அவன் கையில் இருக்கிறது. அதிலிருந்து எடுத்துக்கொள்வது என்று முடிவு செய்கிறான். கட்சிகளைத்தான் ராணுவம் கலைத்துவிட்டதே, இப்போதைக்கு யாருக்கு வேண்டும் இந்தப் பணம் என்று நினைக்கிறான். அச்சிபி அதைப் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போகிறார். நானும் முதலில் தாண்டிப் போய்விட்டேன், பிறகு திரும்பி வந்தேன். இவ்வளவு நேரம் அவன் பக்கம் நின்று நங்காவைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

1983-ல் அவர் எழுதிய 'தி டிரபிள் வித் நைஜீரியா' சிறிய புத்தகம், எடுத்த எடுப்பிலேயே தலைமையின் தோல்விதான் நாட்டின் கோளாறு என்கிறது. அது நேரே விரலை நீட்டுகிறது, நீட்ட வேண்டியதுதான். 2004-ல் அரசு கொடுத்த தேசிய விருதையும் வேண்டாம் என்றவர். ஆனாலும் படிக்கிற என்னைத் தப்ப விடாதது நாவல்தான். கட்டுரையைப் படிக்கும்போது நான் நீதிபதிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட முடிகிறது.

ஜூன் 20, வெள்ளி

அம்மா பெயருக்குப் பட்டா மாற்ற மனு கொடுத்து நாலு மாதம் ஆகிறது. போன வாரம் அங்கே ஒருவர் "கொஞ்சம் கவனிச்சா சீக்கிரம் முடிஞ்சிடும் சார்" என்றார். தெரியாதவர் மாதிரி திரும்பி வந்துவிட்டேன்.

நேற்று தகவல் உரிமைச் சட்டத்தில் மனு எழுதினேன். மனு எந்தத் தேதியில் யார் மேசைக்குப் போனது, இப்போது எங்கே இருக்கிறது, இவ்வளவுதான் கேள்வி. பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பை ஒட்டும்போது அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பாவோட சர்டிபிகேட் ரெண்டே நாள்ல வந்துச்சே, இதுக்கு மட்டும் ஏண்டா இவ்வளவு நாள்?"

சொன்னேன். ஐந்நூறு ரூபாய், டிராயர், எல்லாவற்றையும். அம்மா கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. அப்புறம் எழுந்துபோய் மூக்குக் கண்ணாடியை எடுத்து வந்து, மனுவை வாங்கி முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தார்.

இன்று காலை பதிவுத் தபாலில் அனுப்பியாகிவிட்டது. முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும். காலண்டரில் ஜூலை 20-ஐ வட்டம் போட்டு வைத்திருக்கிறார் அம்மா.