முள் ஏறாத கார்

கடலூரில் கார் ஹீட்டரைப் பற்றிக் கவலைப்படுகிறவன் அநேகமாக நான் ஒருவன்தான். மார்கழி விடியற்காலையிலும் மின்விசிறியை நிறுத்தாத வீடு எங்களுடையது. பழைய காராக வாங்கி ஆறு ஆண்டுகள் ஆகியும், டாஷ்போர்டில் இருக்கும் குமிழைச் சிவப்புப் பக்கம் திருப்பியதே இல்லை. ஜனவரியில் குடும்பத்தோடு ஊட்டிக்குப் போனபோதுதான் முதல்முறையாகத் திருப்பினேன். குன்னூரைத் தாண்டியதும் முன்கண்ணாடியில் ஆவி படியத் தொடங்கியது. ஹீட்டர் துவாரத்தில் வந்த காற்றில் சூடு என்று சொல்ல ஒன்றும் இல்லை. “யாரோ வாயால் ஊதுகிற மாதிரி இருக்கிறதேடா” என்றார், பின்சீட்டில் கம்பளிக்குள் சுருண்டிருந்த அம்மா.

ஊட்டி 2,240 மீட்டர் உயரம். ஜனவரியில் புல்வெளிகளில் உறைபனி விழும். மூன்று நாளும் அம்மா காரில் ஏறத் தயங்கினார். ஊர் திரும்பியதும் இதைச் சரிசெய்தே தீருவது என்று உட்கார்ந்தேன்.

முதல் ஞாயிறு வீண். குமிழிலிருந்து போகும் கேபிள்தான் கழன்றிருக்கும் என்று முடிவுகட்டி, உதவியாளர் இருக்கைக்கு முன்னால் இருக்கும் பெட்டியைக் கழற்றி, தலைகீழாகப் படுத்து இரண்டு மணி நேரம் தேடினேன். கேபிள் ஒழுங்காக இருந்தது. வால்வும் திரும்பியது. கிடைத்தது ஒரு காய்ந்த பல்லியும் ஐந்து ரூபாய் நாணயமும்.

அடுத்த ஞாயிறு கொஞ்சம் புத்தியோடு தொடங்கினேன். தயிருக்கு உறை ஊற்றும்போது பாலின் சூடு பார்க்க வீட்டில் ஊசி வெப்பமானி ஒன்று இருக்கிறது. அதை நடுத் துவாரத்தில் செருகினேன். வெளியே 27 டிகிரி. வண்டியை நிறுத்திய இடத்திலேயே இருபது நிமிடம் ஓடவிட்டதும் 43 காட்டியது. பிறகு நெல்லிக்குப்பம் சாலையில் அறுபது கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினேன். வண்டி ஓட ஓட ஹீட்டர் இன்னும் சூடாக வேண்டும். இங்கே 37க்கு இறங்கியது.

அந்த இறக்கம்தான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. ஹீட்டருக்குச் சூடு வருவது எஞ்சினைச் சுற்றிவரும் தண்ணீரிலிருந்துதான். எதிர்க்காற்று ரேடியேட்டரில் மோத மோத எஞ்சின் தண்ணீர் குளிர்ந்துகொண்டே போகிறது, அதைத் தடுக்க ஆள் இல்லை என்று அர்த்தம். தடுக்க வேண்டியது தெர்மோஸ்டாட். அதற்குள் மெழுகு அடைத்த சிறு குப்பி உண்டு. சூட்டில் மெழுகு உருகி விரிந்து வால்வைத் திறக்கும். அதுவரை தண்ணீர் ரேடியேட்டர் பக்கம் போகாமல் எஞ்சினையும் ஹீட்டரையும் மட்டும் சுற்றி வரும். அது திறந்தபடியே கிடந்தால் தண்ணீர் சிரமமில்லாத அகன்ற வழியில் ரேடியேட்டருக்கே ஓடும். புறவழிச்சாலை திறந்துவிட்டால் எந்த லாரி ஊருக்குள் வரும்?

வெட்கமான விஷயம் ஒன்று. டாஷ்போர்டில் எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் கால் பங்குக்கு மேல் ஏறாது என்று இந்தக் காரைப் பற்றி உறவினர் வீடுகளில் எல்லாம் பெருமை பேசியிருக்கிறேன். வெயில் ஊரில் முள் ஏறாவிட்டால் நல்லது என்றுதானே நினைப்போம். உண்மையில் எஞ்சின் ஆறு ஆண்டுகளாக ஜலதோஷத்தோடு ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. குளிர்ந்த எஞ்சினுக்குக் கணினி கூடுதல் பெட்ரோலை ஊற்றும். ஆயிலில் சேரும் ஈரமும் ஆவியாகாமல் தங்கும்.

எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு தெர்மோஸ்டாட் இருக்கும் மூடியின் இரண்டு போல்ட்டுகளையும் கழற்றினேன். உள்ளே ஒன்றுமே இல்லை. பழுதான தெர்மோஸ்டாட்கூட இல்லை. காலி இடமும் செங்காவி நிறத் தண்ணீரும்தான். வழக்கமாக வண்டி பார்க்கும் மெக்கானிக்கைத் தொலைபேசியில் பிடித்தேன். முந்தைய உரிமையாளர் காலத்திலேயே எடுத்துவிட்டதாகச் சொன்னார். “ஒருமுறை மூடியபடியே சிக்கி வண்டி கொதித்துவிட்டது சார். நம் ஊருக்கு அது எதற்கு?”

அவரை முழுதாகக் குறை சொல்ல முடியவில்லை. சிக்கியதற்குக் காரணம் அதில் ஊற்றிய தண்ணீர். எங்கள் தெரு போர் தண்ணீரில் பருப்பு வேகாது. வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் மாதம் ஒருமுறை உப்பைச் சுரண்டுகிறோம். அதே தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றினால் அங்கேயும் அதுதான் நடக்கும். ரேடியேட்டர் தண்ணீரில் கலக்கும் கூலண்ட் என்றால் குளிர்நாட்டுச் சரக்கு என்று நாமாக நினைத்துக்கொண்டோம். உறையாமல் காப்பது அதன் ஒரு வேலை மட்டுமே. துருவைத் தடுப்பதும் கொதிநிலையை உயர்த்துவதும் நமக்குத்தான் அதிகம் தேவை.

தெர்மோஸ்டாட் கடலூரில் இரண்டு கடைகளில் கிடைக்கவில்லை. புதுச்சேரியில் கிடைத்தது. விளிம்பில் 82 என்று பொறித்திருந்தது. பொருத்துவதற்கு முன் சோதித்துவிடலாம் என்று அதை நூலில் கட்டி, தண்ணீர் வைத்த பால் பாத்திரத்துக்குள் தொங்கவிட்டேன். “அந்தப் பாத்திரம் இனி உங்களுக்குத்தான்” என்றாள் மனைவி. 80 வரை அசையவில்லை. 83இல் முடியளவு இடைவெளி தெரிந்தது. 95ஐ நெருங்கியபோது முழுதாகத் திறந்து நின்றது. அடுப்பை அணைத்ததும் மெல்ல மூடிக்கொண்டது. மின்சாரம் இல்லை, கம்பி இல்லை, உள்ளே கொஞ்சம் மெழுகு. இதை நான்கு முறை செய்து பார்த்தேன். மூன்று முறை தேவைக்காக அல்ல.

தெர்மோஸ்டாட்டில் ஆடும் சின்ன ஊசி ஒன்று இருக்கும். காற்று வெளியேறுவதற்கான வழி அது. அது மேல்பக்கம் வருமாறு வைத்து, புதுக் கேஸ்கெட் போட்டு மூடினேன். ஓட்டிப் பார்த்தபோது முள் பாதிக்குச் சற்றுக் கீழே வந்து அங்கேயே நின்றது. ஹீட்டர் 49.

முன்னேற்றம்தான், ஆனால் போதாது. பானெட்டைத் திறந்து, ஹீட்டருக்குள் போகும் இரண்டு ஹோஸ்களையும் தொட்டேன். ஒன்றில் கை வைக்க முடியவில்லை. மற்றதைத் தாராளமாகப் பிடித்துக்கொண்டு நிற்கலாம். இரண்டும் நல்ல சூடாக இருந்தால் தண்ணீர் ஓடுகிறது, கோளாறு காற்றுப் பக்கம். போவது கொதித்து வருவது வெதுவெதுப்பாக இருந்தால் நடுவில் அடைப்பு. டாஷ்போர்டுக்குப் பின்னால், ஹீட்டருக்குள் இருக்கும் குட்டி ரேடியேட்டரை மாற்ற வேண்டுமானால் டாஷ்போர்டையே இறக்க வேண்டும். அதற்கு எனக்குத் தைரியம் இல்லை. கழுவுவது என்று முடிவு செய்தேன்.

பழைய ஹோஸ்களை இழுத்துக் கழற்றாமல் பிளேடால் கீறி எடுத்தேன். இழுத்தால் உள்ளே இருக்கும் மெல்லிய குழாய் நெளிந்துவிடும், பிறகு டாஷ்போர்டு இறங்கியே தீரும். தண்ணீர் வழக்கமாக வெளியேறும் குழாயில் தோட்டக் குழாயைப் பொருத்தி, குறைந்த அழுத்தத்தில் எதிர்த்திசையில் செலுத்தினேன். முதலில் வந்தது கேழ்வரகுக் கூழ் போல இருந்தது. பிறகு செதில் செதிலாக உப்பு. தண்ணீர் தெளிந்ததும், மளிகைக் கடையில் வாங்கிய எலுமிச்சை உப்பை லிட்டருக்கு ஐம்பது கிராம் வீதம் வெந்நீரில் கரைத்து ஊற்றி அரைமணி நேரம் வைத்தேன். நுரைத்துக்கொண்டு மீண்டும் கலங்கல் வந்தது. மூன்று முறை இப்படி. அலுமினியம் என்பதால் இரவெல்லாம் ஊறவிடப் பயம். உப்புதான் எங்காவது ஓட்டையை அடைத்துக்கொண்டிருக்கிறதோ என்ற பயம் இன்னொரு பக்கம். இரண்டு நாள் கழித்துக் கால்மிதிக்குக் கீழே தடவிப் பார்த்தேன், ஈரம் இல்லை. கடைசி அலசல் மட்டும் பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீரில்.

புது ஹோஸ், புது கிளாம்ப், கையேட்டில் சொன்னபடி முப்பது பங்கு கூலண்டுக்கு எழுபது பங்கு அதே பேட்டரித் தண்ணீர். சிந்தியதை உடனே துடைத்தேன். கூலண்ட் இனிக்கும், நக்கினால் நாயோ பூனையோ பிழைக்காது. எங்கள் தெருவில் இரண்டுக்கும் குறைவில்லை.

வண்டியைக் கிளப்பினால் ஹீட்டரில் சூடே இல்லாத காற்று! டாஷ்போர்டுக்குள் குடத்தைச் சாய்த்தது போலக் களக் களக் என்று சத்தம். ஒரு நிமிடம் வயிறு கலங்கிவிட்டது. காற்று மாட்டிக்கொண்டிருக்கிறது, வேறொன்றுமில்லை. 2015 வெள்ளத்துக்குப் பிறகு வீட்டுத் தரையை உயர்த்தினோம். அதனால் வாசலில் காரை ஏற்றும் சாய்தளம் செங்குத்தாக இருக்கும். அண்டை வீட்டார் கேலி செய்யும் அந்தச் சாய்தளம் அன்றைக்கு உதவியது. எஞ்சின் ஆறியதும் முன்சக்கரங்களை மேலே ஏற்றி நிறுத்தி, ரேடியேட்டர் மூடியைத் திறந்துவைத்து, குமிழை முழுச் சிவப்புக்குத் திருப்பி ஓடவிட்டேன். குமிழிகள் வந்துகொண்டே இருந்தன. முக்கால் லிட்டர் கூடுதலாகக் குடித்தது. ரேடியேட்டர் விசிறி சுழன்று நின்றதும் மூடினேன்.

மறுபடியும் நெல்லிக்குப்பம் சாலை, அறுபது கிலோமீட்டர் வேகம். துவாரத்தில் 62. கண்ணாடிகளை ஏற்றிவிட்டு பிப்ரவரி நண்பகலில் நனைந்த சட்டையோடு சிரித்துக்கொண்டே ஓட்டியவனை ரயில்வே கேட்டில் பக்கத்து வண்டிக்காரர் சற்று நேரம் உற்றுப் பார்த்தார். பெட்ரோல் கணக்கில் லிட்டருக்கு 14 கிலோமீட்டர் கொடுத்துவந்த வண்டி இப்போது பதினைந்தரை கொடுக்கிறது.

போன வாரம் சக்கரச் சீரமைப்புக்காகப் புதுச்சேரியில் ஒரு பட்டறையில் விட்டிருந்தேன். வண்டியை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு வந்த இளைஞர் முகத்தில் கவலை. “முள் பாதிவரை வருகிறது சார். தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டால் சரியாகிவிடும். எடுத்துவிடவா?”